ஒட்டிக்கொள்ளும் புரதங்கள்: நுண்புழைக் குழாயின் சுவரை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

தாலசீமியா சோதனை செய்துகொண்டவர்களின் இரத்த அறிக்கையில் "ஹீமோகுளோபின் ஏ2" என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 2.8 விழுக்காடு, 5.1 விழுக்காடு என ஓர் எண் அச்சாகியிருக்கும். பார்க்கச் சிறிய எண்தான். ஆனால், அது 3.5 அல்லது 4 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த நபர் பீட்டா தாலசீமியா மரபணுவைத் தாங்குபவராக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். திருமணமாகிக் குழந்தை பெறத் திட்டமிடும் இருவருக்கு அந்த ஒன்றிரண்டு விழுக்காட்டு வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் பல ஆய்வுக்கூடங்கள் இன்று பயன்படுத்தும் முறைகளுள் ஒன்று, நுண்புழைக் குழாய் எலெக்ட்ரோபோரேசிஸ். தலைமுடியளவே உள்துளை கொண்ட ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைச் செலுத்திப் புரதங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை இது. வேகமானது, துளியிலும் துளியான மாதிரி போதும். ஆனால், இந்த முறைக்கு ஒரு தலைவலி உண்டு. புரதங்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கணக்குப் பிசகும்.

புரதம் ஏன் ஒட்டுகிறது, ஒட்டாமல் தடுக்க வேதியியலாளர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்த வாரப் பாடம். 5-ஆம் படிவ வேதியியல் படித்தவர்கள் எளிதாகப் பின்தொடரலாம்.

மின்புலத்தில் ஓட்டப்பந்தயம்

எலெக்ட்ரோபோரேசிஸ் என்பதன் அடிப்படை எளிது. மின்னூட்டம் உள்ள துகளை ஒரு கரைசலில் போட்டு, இரு முனைகளிலும் மின்வாய்களை வைத்தால், நேர்மின்னூட்டம் உள்ளது எதிர்மின்வாயை நோக்கியும், எதிர்மின்னூட்டம் உள்ளது நேர்மின்வாயை நோக்கியும் நகரும். மின்னூட்டம் அதிகமானால் வேகம் கூடும். உருவம் பெரிதானால் வேகம் குறையும். ஆகவே, கலந்திருக்கும் புரதங்கள் சிறிது நேரத்தில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்துவிடும்.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆர்னே டிசேலியஸ் 1937-இல் இந்த முறையை 'யு' வடிவக் குழாயில் செய்து காட்டினார். இரத்தச் சீரத்தில் உள்ள புரதங்கள் ஆல்புமின், ஆல்ஃபா, பீட்டா, காமா குளோபுலின்கள் என்று பிரிந்தன. 1948-இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவரிடம் பயின்ற ஸ்டெல்லன் யெர்ட்டேன், 1967-இல் 3 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குவார்ட்ஸ் குழாயைச் சுழலவிட்டு அதற்குள் பிரித்துக் காட்டினார்.

குழாய் அகலமாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் பாயும்போது கரைசல் சூடாகும். நடுவில் சூடு அதிகம்; ஓரத்தில் குறைவு. அந்த வேறுபாடு கரைசலைக் கலக்கிவிட்டுப் பட்டைகளைக் குழப்பும். குழாயை மிகமிக ஒல்லியாக்கினால் சூடு உடனுக்குடன் சுவர் வழியே வெளியேறிவிடும். 1981-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜோர்கென்சனும் கிரின் லூகாக்ஸும் 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் இதைச் செய்தார்கள். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அமினோ அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் ஊசிமுனை போன்ற கூர்மையான முகடுகளாக வரைபடத்தில் எழுந்தன. இன்றைய நுண்புழைக் குழாய் முறையின் தொடக்கம் இதுதான்.

ஆனால், அதே குழாயில் புரதங்களை ஓடவிட்டபோது கதை மாறியது. கூர்மையாக எழ வேண்டிய முகடுகள் அகன்று, வால் நீண்டு இழுபட்டன. சில புரதங்கள் மறுமுனைக்கு வந்தே சேரவில்லை. குழாயை ஒல்லியாக்கியதால் சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது. சுவர்ப் பிரச்சினை பெரிதானது.

சுவர் எவ்வளவு அருகில் இருக்கிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மைக்ரோமீட்டர் உள்விட்டமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 1.2 மைக்ரோலிட்டர்தான். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ஆனால், அதன் உட்சுவரின் பரப்பு ஏறத்தாழ 0.94 சதுர சென்டிமீட்டர்.

உருளையான எந்தக் குழாய்க்கும் சுவர்ப்பரப்பைக் கொள்ளளவால் வகுத்தால், 4-ஐ விட்டத்தால் வகுத்த விடை வரும். 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்கு அது 4. நம் நுண்புழைக் குழாய்க்கு அது 800. அதாவது, அதே அளவு திரவம் நுண்புழைக் குழாயில் 200 மடங்கு அதிகச் சுவரைத் தொடுகிறது. குழாயின் நட்டநடுவில் மிதக்கும் புரதத்துக்கும் சுவர் 25 மைக்ரோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஓடும் வழியெல்லாம் அது திரும்பத் திரும்பச் சுவரில் மோதிக்கொண்டேதான் போகும். ஒவ்வொரு மோதலும் ஒட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு.

ஏன் ஒட்டுகிறது?

இங்கு நடப்பதைப் பரப்புக் கவர்தல் என்று பாடநூல்கள் சொல்லும். பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். மேற்பரப்பில் மட்டும் படிந்து நிற்பது பரப்புக் கவர்தல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலில் சுவரைப் பார்ப்போம். இன்றைய குழாய்கள் தூய சிலிக்காவை உருக்கி இழுத்துச் செய்யப்படுபவை. ஒடியாமல் இருக்க வெளியே பாலிஇமைடு பூச்சு இருக்கும். உட்சுவர் முழுவதும் சிலனால் எனப்படும் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிலிக்கான் அணு, அதில் ஓர் ஆக்ஸிஜன், அதன் நுனியில் ஒரு ஹைட்ரஜன். கரைசலின் பிஎச் அளவு 2, 3-ஐத் தாண்டும்போது இந்த ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கரைசலுக்குள் போகத் தொடங்கும். சுவரில் எதிர்மின்னூட்டம் மிஞ்சும். பிஎச் 9 அளவில் ஏறக்குறைய எல்லாமே கழன்றுவிடும். சுவர் முழுக்க எதிர்மின்னூட்டம்.

இனி, புரதம். இதைப் புரிந்துகொள்ள நம் நாட்டு உதாரணம் ஒன்று கைவசம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு இது தெரியும். மரத்திலிருந்து வடிந்த பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டால் பால் உறைந்துவிடும். ஏன்? ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதம் படிந்திருக்கிறது. புதிய பாலில் அந்தப் புரதம் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. அமிலம் சேர்ந்ததும் அந்த மின்னூட்டம் குறைந்துபோகிறது. தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைகின்றன.

ஆக, புரதத்தின் மின்னூட்டம் நிலையானது அன்று. கரைசலின் அமில, காரத் தன்மையைப் பொறுத்து அது மாறும். ஒவ்வொரு புரதத்துக்கும், நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சரிசமமாகும் ஒரு பிஎச் அளவு உண்டு. அதைச் சமமின் புள்ளி என்போம். கரைசலின் பிஎச் அதைவிடக் குறைவாக இருந்தால் புரதம் மொத்தத்தில் நேர்மின்னூட்டம் பெறும்; அதிகமாக இருந்தால் எதிர்மின்னூட்டம் பெறும். இரத்தத்தில் உள்ள ஆல்புமினின் சமமின் புள்ளி 5-க்குச் சற்றுக் கீழே. சாதாரண ஹீமோகுளோபினுக்கு ஏறத்தாழ 7. முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைமுக்கு ஏறத்தாழ 11.

இப்போது பிஎச் 7 அளவுள்ள கரைசலில் லைசோசைமை ஓடவிட்டால் என்ன ஆகும்? சுவர் எதிர்மின்னூட்டம், லைசோசைம் நேர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும். போதாததற்கு, புரதம் பெரிய மூலக்கூறு. ஓர் இடத்தில் பிடி விட்டாலும் இன்னும் பல இடங்களில் பிடித்துக்கொண்டிருக்கும். சில புரதங்கள் சுவரில் பட்டதும் தம் மடிப்பு அவிழ்ந்து, உள்ளே மறைந்திருந்த எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகளையும் சுவரில் பதித்துவிடும். அதன் பிறகு லேசில் கழலாது.

ஒட்டினால் கெடுவது எது?

நான்கு தொல்லைகள் வரும்.

முதலாவது, முகடு அகன்றுபோகும். சில மூலக்கூறுகள் நேரே ஓடும். சில, சுவரில் சற்று நின்று தாமதமாக வரும். ஒன்றாகக் கிளம்பியவை ஒன்றாக வந்து சேராது. அருகருகே உள்ள இரண்டு புரதங்களின் முகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

இரண்டாவது, அளவு குறையும். நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட புரதம் மறுமுனையில் உள்ள உணர்கருவிக்கு வரவே வராது. இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது, நேரம் மாறும். இதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. சுவரின் எதிர்மின்னூட்டத்தை நாடி, கரைசலில் உள்ள நேர் அயனிகள் சுவரோரம் ஒரு மெல்லிய படலமாகக் கூடியிருக்கும். மின்சாரத்தைச் செலுத்தியதும் அந்தப் படலம் எதிர்மின்வாயை நோக்கி நகரும்; நகரும்போது குழாயில் உள்ள கரைசல் முழுவதையும் கூடவே இழுத்துச் செல்லும். இதற்கு எலெக்ட்ரோ ஆஸ்மோசிஸ் என்று பெயர். 60 சென்டிமீட்டர் குழாயில் 20,000 வோல்ட் கொடுத்து, பிஎச் 9 அளவில் ஓட்டினால், கரைசல் விநாடிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நகரும். 5 நிமிடத்தில் முழுக் குழாயையும் கடந்துவிடும். எதிர்மின்னூட்டம் உள்ள புரதங்கள்கூட இந்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டு, எதிர்மின்வாய்ப் பக்கமே வந்து சேரும். ஆற்றை எதிர்த்து நீந்துபவன் ஆறு போகும் பக்கமே போவதைப்போல. புரதம் சுவரில் படிந்தால் சுவரின் மின்னூட்டம் குறையும், ஓட்டமும் தளரும். முதல் ஓட்டத்தில் 5 நிமிடத்தில் வந்த முகடு, பத்தாவது ஓட்டத்தில் 6 நிமிடத்தில் வரும்.

நான்காவது, ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து படிந்த புரதம் அடுத்தவரின் ஓட்டத்தையும் கெடுக்கும்.

இழப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: முகடுகளின் கூர்மையைக் கோட்பாட்டுத் தட்டு எண்ணிக்கை என்ற அளவால் குறிப்பார்கள். எண் பெரிதானால் முகடு கூர்மை. சுவரில் ஒட்டாமல், இயல்பான பரவலால் மட்டுமே முகடு அகலும் என்று வைத்துக்கொண்டால், புரதங்களுக்கு இந்த எண் ஒரு மில்லியனைத் தாண்டலாம் என்று கோட்பாடு சொல்கிறது. பெரிய மூலக்கூறுகள் கரைசலில் மெதுவாகவே பரவும் என்பதால் அவை சிறு மூலக்கூறுகளைவிடவும் கூர்மையாக வர வேண்டும். ஆனால், பூச்சில்லாத குழாயில் ஒட்டும் புரதத்தை ஓட்டினால் இந்த எண் சில ஆயிரங்களுக்கு விழுந்துவிடும். இந்த முறை யாருக்கு மிகவும் கைகொடுக்க வேண்டுமோ அவர்களிடமே தோற்றுப்போகிறது.

வழி 1: பிஎச் அளவை மாற்றுதல்

முதலில் தோன்றும் வழி, இருவரையும் ஒரே கட்சியில் சேர்த்துவிடுவது. கரைசலின் பிஎச் அளவை புரதத்தின் சமமின் புள்ளிக்கு மேலே உயர்த்தினால் புரதமும் எதிர்மின்னூட்டம் பெறும். சுவரும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். 1986-இல் லாவரும் மெக்மானிகிலும் இந்த வழியில் புரதங்களைக் கூர்மையான முகடுகளாகப் பிரித்துக் காட்டினார்கள்.

எதிர்த்திசையிலும் போகலாம். பிஎச் அளவை 2, 3-க்கு இறக்கினால் சிலனால்கள் தம் ஹைட்ரஜனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். சுவருக்கு மின்னூட்டமே இருக்காது. புரதத்தை ஈர்க்க அதனிடம் அந்தப் பிடி இல்லை.

இரண்டுக்கும் விலை உண்டு. லைசோசைம் போன்ற புரதத்துக்கு பிஎச் 11-க்கு மேலே போக வேண்டும். அவ்வளவு காரத்தில் சிலிக்காவே கரையத் தொடங்கும். பல புரதங்கள் சிதைந்துவிடும். மிகுந்த அமிலத்திலும் பல புரதங்கள் தம் வடிவத்தை இழக்கும். புரதத்தை இயல்பான நிலையில் பார்க்க வேண்டும் என்றால் இந்த வழி எப்போதும் ஒத்துவராது.

வழி 2: உப்பைக் கூட்டுதல்

கரைசலில் உப்பு அதிகம் இருந்தால், அதன் நேர் அயனிகள் சுவரின் எதிர்மின்னூட்ட இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடும். பிறகு வரும் புரதத்துக்கு இடம் கிடைக்காது. பேருந்தில் முன்னரே ஆள் உட்கார்ந்துவிட்ட மாதிரி.

ஆனால், உப்பு அதிகமானால் மின்னோட்டம் அதிகமாகும். மின்னோட்டம் அதிகமானால் சூடு அதிகமாகும். ஒல்லியான குழாயால் விரட்டிய சூடு மறுபடி உள்ளே வந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைத்தால் சூடு குறையும். ஆனால், ஓட்டம் நீண்ட நேரம் பிடிக்கும்.

இதற்கு 1989-இல் ஜோர்கென்சனின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தந்திரம் வெளிவந்தது. ஒரே மூலக்கூறில் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சமமாக உள்ள பொருள்களைச் சேர்த்தார்கள். பீட்டெய்ன் அப்படிப்பட்ட ஒன்று. மொத்த மின்னூட்டம் சுழியம் என்பதால் மின்புலத்தில் அது நகராது, மின்னோட்டம் கூடாது, சூடும் கூடாது. ஆனால், அதன் நேர்மின்னூட்ட முனை சுவரோடும், எதிர்மின்னூட்ட முனை புரதத்தோடும் சேர்ந்துகொண்டு இரண்டையும் பிரித்து வைக்கும்.

வழி 3: தற்காலிகப் பூச்சு

பால் காய்ச்சும் முன் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்த ஈரத்திலேயே பாலை ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பால் நேராகப் பாத்திரத்தைத் தொடாமல் ஒரு மெல்லிய ஈரப்படலம் நடுவில் நிற்கும், அடிப்பிடிப்பது குறையும். இந்த மூன்றாவது வழியும் அதே கருத்துதான்.

டிரைஎத்திலமீன், டையமினோபியூட்டேன் போன்ற சிறு அமீன்களைக் கரைசலில் கலந்தால் அவை சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாலிபிரீன் போன்ற நேர்மின்னூட்டப் பலபடிகள் இன்னும் உறுதியாக உட்காரும். நீண்ட சங்கிலி என்பதால் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

பாலிபிரீன் பூசிய குழாயில் ஒரு வேடிக்கை நடக்கும். சுவர் இப்போது நேர்மின்னூட்டம் பெற்றுவிட்டது. ஆகவே, எலெக்ட்ரோ ஆஸ்மோசிஸ் ஓட்டம் திசைமாறி நேர்மின்வாயை நோக்கிப் பாயும். கருவியின் மின்வாய்களை மாற்றி வைக்காவிட்டால் மாதிரி புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். இத்தகைய குழாயில் லைசோசைம் போன்ற நேர்மின்னூட்டப் புரதங்கள் நன்றாக ஓடும். எதிர்மின்னூட்டம் உள்ளவை இப்போது ஒட்டத் தொடங்கும். பகை இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. இதனால்தான் சிலர் நேர்மின்னூட்டப் பலபடியின் மேல் எதிர்மின்னூட்டப் பலபடியையும் அடுக்காகப் பூசி, தேவையான மேற்பரப்பைத் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள்.

தற்காலிகப் பூச்சின் நன்மை, எளிமை. தேய்ந்துபோனால் குழாயைக் கழுவிவிட்டு மறுபடி பூசலாம். குறை என்னவென்றால், கரைசலில் கலந்த பூச்சுப்பொருள் மாதிரியோடு சேர்ந்தே வெளியே வரும். குழாயின் மறுமுனையை நிறைமாலைமானியோடு இணைத்திருந்தால் அந்தப் பொருளின் சைகை புரதத்தின் சைகையை மறைத்துவிடும்.

வழி 4: நிரந்தரப் பூச்சு

1985-இல் யெர்ட்டேன் வேறொரு வழியைக் காட்டினார். சிலேன் எனப்படும் ஒரு கொக்கி மூலக்கூறை எடுத்தார். அதன் ஒரு முனை சிலிக்காச் சுவரோடு வேதிப்பிணைப்பில் சேரும். மறுமுனையிலிருந்து பாலிஅக்ரிலமைடு சங்கிலிகளை வளர்த்தார். உட்சுவர் முழுவதும் நீரை விரும்பும், மின்னூட்டமற்ற ஒரு புல்தரை முளைத்ததுபோல் ஆனது. புரதத்தால் சுவரை நெருங்க முடியவில்லை. சுவரின் மின்னூட்டமும் மறைக்கப்பட்டதால் எலெக்ட்ரோ ஆஸ்மோசிஸ் ஓட்டம் ஏறக்குறைய நின்றுபோனது.

பூச்சுக்கு நல்ல பொருளின் இலக்கணம் இந்த உதாரணத்திலேயே இருக்கிறது: நீரோடு நன்றாக உறவாட வேண்டும், மின்னூட்டம் இருக்கக் கூடாது, தடிமனாக மூட வேண்டும். பாலிவினைல் ஆல்கஹால், பாலிஎத்திலீன் ஆக்ஸைடு, செல்லுலோஸின் வழிப்பொருள்கள் ஆகியவை இதனால்தான் பயன்படுகின்றன. பாலிவினைல் ஆல்கஹாலைக் குழாய்க்குள் பூசிச் சூடேற்றினால் அது நீரில் கரையாத படலமாக மாறிவிடும்.

சிலேன் கொக்கிக்கு ஒரு பலவீனம் உண்டு. சுவரோடு அது கொண்டிருக்கும் ஆக்ஸிஜன் வழிப் பிணைப்பைக் காரம் அறுத்துவிடும். அதனால் 1990-இல் நோவோட்னியின் ஆய்வுக்குழு சிலிக்கானையும் கார்பனையும் நேரடியாகப் பிணைத்து, காரத்தைத் தாங்கும் பூச்சை உருவாக்கியது.

ஓட்டம் நின்றுபோவதற்கும் ஒரு விளைவு உண்டு. நேர்மின்னூட்டப் புரதங்கள் ஒரு பக்கமும் எதிர்மின்னூட்டப் புரதங்கள் மறுபக்கமும் போகும். ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது.

வழி 5: புரதத்தையே மாற்றுதல்

சுவரை விட்டுவிட்டுப் புரதத்துக்கு ஆடை போர்த்துவது இன்னொரு வழி. எஸ்டிஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோடியம் டோடெசில் சல்ஃபேட் ஒரு சலவைப்பொருள் வகை. ஒரு கிராம் புரதத்தோடு ஏறத்தாழ 1.4 கிராம் எஸ்டிஎஸ் சேர்ந்து, அதை நீட்டி, முழுவதும் எதிர்மின்னூட்டத்தால் மூடிவிடும். எந்தப் புரதமானாலும் இப்போது சுவரைவிட்டு விலகியே ஓடும். புற்றுநோய்க்கும் மூட்டழற்சிக்கும் கொடுக்கப்படும் எதிர்ப்பான் மருந்துகளின் தூய்மையைச் சோதிக்க மருந்துத் துறை இந்த முறையைப் பரவலாகப் பயன்படுத்துகிறது. ஆனால், புரதத்தின் சொந்த மின்னூட்டம் மறைந்துவிடுவதால், பலபடி நிரம்பிய குழாயில் உருவ அளவை வைத்து மட்டுமே பிரிக்க முடியும்.

ஒட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெறும் மாணவர்கள் இந்தச் சோதனைகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே மாதிரியைத் தொடர்ந்து ஐந்தாறு முறை ஓட்டுங்கள். முகடு வரும் நேரம் படிப்படியாகத் தள்ளிப்போனால் சுவர் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முகட்டின் பரப்பு முதலில் சிறிதாக இருந்து, ஓட்டத்துக்கு ஓட்டம் பெரிதானால், ஒட்டும் இடங்கள் முதலில் புரதத்தை விழுங்கிப் பிறகு நிரம்பிவிட்டன என்று கொள்ளலாம். முகட்டின் பின்பக்கம் நீண்ட வால் இருந்தால், புரதம் ஒட்டி ஒட்டிக் கழல்கிறது. புதிய பூச்சைச் சோதிக்க லைசோசைம், சைட்டோகுரோம் சி, ரிபோநியூக்ளியேஸ் ஏ ஆகிய மூன்றையும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மூன்றும் சுவரில் ஒட்டுவதில் பேர்போனவை. அவையே கூர்மையாக வந்தால் பூச்சு தேறிவிட்டது.

பூச்சில்லாத குழாயை ஓட்டங்களுக்கு நடுவே 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்ஸைடு, தண்ணீர், தாங்கல் கரைசல் என்ற வரிசையில் கழுவுவார்கள். காரம், படிந்த புரதத்தைப் பெயர்த்துச் சுவரைப் புதுப்பிக்கும். பூச்சுள்ள குழாயை இப்படிக் கழுவினால் பூச்சே போய்விடும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஹீமோகுளோபினுக்கு வருவோம்

இவ்வளவும் தெரிந்த பிறகு, தாலசீமியா சோதனைக் கருவி ஏன் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். அதில் பயன்படும் தாங்கல் கரைசலின் பிஎச் அளவு ஏறத்தாழ 9.4. ஹீமோகுளோபினின் சமமின் புள்ளியோ 7-ஐ ஒட்டி இருக்கிறது. ஆகவே, எல்லா ஹீமோகுளோபின் வகைகளும் எதிர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டச் சுவரைவிட்டு விலகி ஓடும். முதல் வழியின் நேரடிப் பயன்பாடு இது. எதிர்மின்னூட்டம் குறைந்த வகை ஓட்டத்தோடு முதலில் வந்து சேரும். அதிகமுள்ளது பின்னால் வரும். ஹீம் நன்றாக உட்கவரும் 415 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி ஒவ்வொன்றையும் அளப்பார்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இங்கே ஹீமோகுளோபின் 'இ' என்ற வகை பரவலாகக் காணப்படுகிறது. பீட்டா சங்கிலியின் 26-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் இருப்பதே இதன் வேறுபாடு. குளுட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டம், லைசின் நேர்மின்னூட்டம் என்பதால் ஒரு சங்கிலிக்கு 2 அலகு மாறுகிறது. ஒரு ஹீமோகுளோபினில் இரண்டு பீட்டா சங்கிலிகள். மொத்தம் 4 அலகு. அதனால் சாதாரண ஹீமோகுளோபின் ஏ-யிலிருந்து அது எளிதில் பிரிந்துவிடும். ஆனால், ஏ2 வகையின் மின்னூட்டம் இதற்கு மிக அருகில் இருக்கிறது. காரத்தன்மையுள்ள பழைய முறைத் தாள், கூழ்ம எலெக்ட்ரோபோரேசிஸில் இரண்டும் ஒரே பட்டையாகத்தான் தெரியும். திரவ நிறப்பிரிகை முறையிலும் இரண்டும் பொதுவாக ஒன்றாகவே வரும். நுண்புழைக் குழாயில் முகடுகள் கூர்மையாக இருப்பதால் இரண்டும் பிரிந்து நிற்கின்றன.

அந்தக் கூர்மைதான் இங்கு எல்லாமே. சுவரில் ஒட்டி முகடுகள் சற்று அகன்றாலும் ஏ2-வும் இ-யும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டின் அளவும் ஐயத்துக்கு இடமாகும். பெற்றோரில் ஒருவர் ஹீமோகுளோபின் இ-யையும் மற்றவர் பீட்டா தாலசீமியாவையும் தாங்குபவர் என்றால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பலருக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிவரும். முன்கூட்டியே தெரிந்தால் அந்தத் தம்பதியர் மருத்துவ ஆலோசனை பெற்று முடிவெடுக்கலாம். மலேசியாவில் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தாலசீமியா சோதனை செய்யப்படுவதன் நோக்கமும் இதுதான். பள்ளியிலிருந்து அனுமதிப் படிவம் வந்தால் பெற்றோர் தயங்காமல் கையெழுத்திடலாம்.

யோசித்துப் பாருங்கள்

கேள்வி 1: ரிபோநியூக்ளியேஸ் ஏ-யின் சமமின் புள்ளி ஏறத்தாழ 9.6. அதை பிஎச் 8 அளவில், பூச்சில்லாத சிலிக்காக் குழாயில் ஓட்டினால் ஒட்டுமா?

கேள்வி 2: பிஎச் 2.5 அளவில் ஏறக்குறைய எல்லாப் புரதங்களும் நேர்மின்னூட்டம் பெறும். ஆனாலும் அங்கே ஒட்டுவது குறைகிறது. ஏன்?

கேள்வி 3: பாலிபிரீன் பூசிய குழாயில் பிஎச் 7 அளவில் ஆல்புமினை ஓட்டலாமா?

விடைகள்: முதலாவது, ஒட்டும். பிஎச் அளவு சமமின் புள்ளிக்குக் கீழே இருப்பதால் புரதம் நேர்மின்னூட்டம், சுவர் எதிர்மின்னூட்டம். இரண்டாவது, அந்த பிஎச் அளவில் சிலனால்கள் ஹைட்ரஜனை இழப்பதில்லை. சுவரில் ஈர்க்கும் மின்னூட்டம் அநேகமாக இல்லை. மூன்றாவது, கூடாது. பூச்சு நேர்மின்னூட்டம், ஆல்புமின் அங்கே எதிர்மின்னூட்டம். போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர்கள், புதிய புரதம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்: இந்த பிஎச் அளவில் புரதத்தின் மின்னூட்டம் என்ன? சுவரின் மின்னூட்டம் என்ன? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால், மேலே சொன்ன ஐந்து வழிகளில் எதில் போவது என்று தீர்மானிக்கத் தொடங்கலாம்.